டிரிப்ஸ் ஏறும் கையைக் காவல் காப்பது எப்படி?

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு ஃபார்மசிக்கு ஓட வேண்டும், ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க வேண்டும், பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கு மேல் இன்னொரு வேலையையும் உங்கள் தலையில் கட்டப் போகிறேன். மருந்து ஏற்றுவதற்காக நோயாளியின் கையில் செருகி வைத்திருக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே, எங்கள் வார்டில் வென்ஃப்ளான் என்போம், அதைத் தினமும் காலையிலும் மாலையிலும் நீங்களே ஒருமுறை பார்க்க வேண்டும்.

நான் வார்டு நர்ஸாக இருந்து, இப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையின் நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவில் இருக்கிறேன். கட்டில் கட்டிலாகப் போய்க் கைகளைப் பார்ப்பதுதான் காலை வேலை. என்னால் ஒரு கையைத் தினம் ஒரு நிமிஷம் பார்க்க முடியும். நீங்கள் நாள் முழுக்க அந்தக் கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழாய் உரசுவதில் ரத்தக்குழாயின் உள்சுவர் காயப்படும். குழாய் இடத்தை அடைப்பதால் ரத்த ஓட்டம் மந்தமாகும். நோயிலும் படுக்கையிலும் கிடக்கிறவரின் ரத்தம் ஏற்கெனவே சுலபமாக உறையும் நிலையில்தான் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் ரத்தம் கட்டியாக உறையும் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் பெயரோடு வந்த பாடம், இன்றைக்கும் நர்சிங் வகுப்பில் அதைத்தான் படிக்கிறோம். குழாய் போட்ட பலருக்கும் சின்னக் கட்டி உறையத்தான் செய்யும், தானாகக் கரைந்தும் போகும். தோலில் இருக்கிற கிருமி குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி அந்தக் கட்டியில் குடியேறினால்தான் வினை. கட்டிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் ஆன்டிபயாடிக் போதிய அளவு போய்ச் சேராது. கிருமி அங்கே பத்திரமாக இருந்துகொண்டு, விடாமல் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். டாக்டர்கள் இதைச் செப்டிக் த்ராம்போஃப்ளெபைட்டிஸ் என்பார்கள். அடிக்கடி வருவதில்லை. வந்தால் வாரக்கணக்கில் படுக்கை, சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு உயிராபத்து.

எப்படிப் பார்ப்பது

ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் செல்போன் டார்ச்சைப் போடுங்கள். முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அல்லது கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் ஹேண்ட் ரப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று மற்றதைவிடப் பருத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் விரலின் பின்பக்கத்தால் குழாய் போட்ட இடத்துக்கு மேலே தொட்டுச் சூடு பாருங்கள். ஒட்டியிருக்கும் பிளாஸ்திரிக்கு மேலாகவே மெதுவாக அழுத்திக்கொண்டு முழங்கை வரை போங்கள். வலிக்கிறதா, எங்கேயாவது கெட்டியாகத் தட்டுப்படுகிறதா?

பாடப்புத்தகங்களில் 'சிவந்திருக்கும்' என்று எழுதியிருக்கும். அதில் உள்ள படங்களெல்லாம் வெள்ளைக்காரர்களின் கைகள். நம் நிறத்துக்கு அந்தச் சிவப்பு பல சமயம் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கறுத்து, இழுத்துப் பிடித்த மாதிரி மினுமினுப்பாக இருக்கும். சில சமயம் கண்ணுக்கு எதுவுமே தெரியாது, தொட்டால் மட்டும் சுடும். அதனால்தான் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் எட்ட நின்று எட்டிப் பார்க்காதே, தொட்டுப் பார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உங்களுக்கும் அதே பாடம்தான்.

வாய் திறந்து சொல்ல முடியாதவர்களுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். பக்கவாதம் வந்தவர், மயக்கத்தில் இருப்பவர், கைக்குழந்தை. மருந்து உள்ளே போகும்போது முகம் சுளிக்கிறதா, கையை இழுக்கிறார்களா என்று பாருங்கள். குழந்தைகளுக்குக் கை அசையாமல் இருக்க அட்டை வைத்துச் சுற்றிக் கட்டுவோம். மருந்துப் பெட்டி அட்டை, மேலே காஸ் துணி, அதற்கும் மேலே பிளாஸ்டர். கட்டு பார்க்க அழகாக இருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஊசி நுழையும் இடம் வெளியே தெரிகிற மாதிரிக் கட்டச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள். அதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

எங்களிடம் இதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் அட்டவணை உண்டு. வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு இருந்தாலே 2 மதிப்பெண், குழாயை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். ரத்தக்குழாய் கயிறு போலக் கையில் தட்டுப்பட்டால் 4, அதோடு காய்ச்சலும் சேர்ந்தால் 5. உங்களுக்கு மதிப்பெண் எதுவும் நினைவிருக்க வேண்டியதில்லை. 'சிஸ்டர், நேத்து வலி இல்ல, இன்னைக்கு வலிக்குதுங்கிறார்' என்று சொன்னால் போதும். 'மருந்து போறப்ப கொஞ்சம் எரியத்தான் செய்யும்' என்று பதில் வரலாம். வான்கோமைசின், பொட்டாசியம், ஃபெனிடோயின் போன்றவை நிஜமாகவே எரியும். ஆனால் மருந்து ஏறி முடிந்த பிறகும் வலி இருந்தால் மறுபடி கூப்பிடுங்கள்.

இன்னும் எதற்கு இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, 'சார், இந்தக் குழாய் இன்னைக்கும் தேவையா?' என்று கேளுங்கள்.

வார்டில் நான் எடுக்கச் சொல்லும் குழாய்களில் பல, மருந்தே போகாமல் சும்மா கிடப்பவை. ஊசி நிறுத்தி மாத்திரைக்கு மாற்றியிருப்பார்கள், குழாய் மட்டும் கையிலேயே இருக்கும். 'ராத்திரி திடீர்னு ஏதாவது ஆனா?' என்று டியூட்டி டாக்டர் யோசிப்பார். 'நரம்பே கிடைக்காம நாலு குத்து குத்தினாங்க சிஸ்டர், இருந்துட்டுப் போகட்டும்' என்று வீட்டுக்காரம்மா கெஞ்சுவார். நோயாளிக்கோ பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிற நம்பிக்கை. மூன்று பேருக்கும் அவரவர் நியாயம் இருக்கிறது. ஆனால் சும்மா கிடக்கும் குழாயை யாரும் பார்ப்பதில்லை. மருந்து போகிற குழாயையாவது ஒரு நாளில் மூன்று தடவை சிஸ்டர் தொடுவார்.

மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்பார்களே என்று கேட்பீர்கள். முன்பு அப்படித்தான் செய்தோம். ஆஸ்திரேலியாவில் 3,000-க்கும் அதிகமான நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் லான்செட் இதழில் வந்தது. நாள் கணக்குப் பார்த்து மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் ரத்தக்குழாய் அழற்சியில் வித்தியாசம் தெரியவில்லை. இதைக் காட்டி 'அப்போ பத்து நாள் இருக்கலாமே' என்று வாதாடுகிறவர்களிடம் நான் சொல்வது, அந்த ஆய்வில் கையைத் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். எங்கே தவறாமல் பார்க்க ஆளில்லையோ, அங்கே நாள் கணக்கையாவது வைத்துக்கொள்வது நல்லது. எப்படியிருந்தாலும், போட்ட தேதியும் நேரமும் பிளாஸ்டர் மேல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில், ஆம்புலன்ஸிலோ கேஷுவாலிட்டியிலோ போட்ட குழாய் என்றால் அதை முதல் நாளிலேயே மாற்றிவிடுவதுதான் முறை, அந்தப் பதற்றத்தில் தோலை யாரும் சரியாகத் துடைத்திருக்க மாட்டார்கள்.

போடும்போதே சொல்ல வேண்டியவையும் உண்டு. வலக்கைக்காரர் என்றால் இடக்கையில் போடச் சொல்லுங்கள். வலக்கையில் போட்டால் சோறு பிசைந்து சாப்பிடும்போது ரசம் பிளாஸ்டருக்குள் இறங்கும், கழுவும்போது தண்ணீர் இறங்கும், ஈரத்தில் கிருமி பெருகும். வேறு வழியில்லாமல் வலக்கையிலேயே போட்டால் ஸ்பூனில் ஊட்டிவிடுங்கள். வளையல், மோதிரத்தை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள், கை வீங்கிய பிறகு கழற்றுவது பெரும்பாடு. பெரியவர்களுக்குக் காலில் போட்டால் கட்டி உறையும் ஆபத்து அதிகம், கையில் இடம் கிடைத்ததும் மாற்றிவிட வேண்டும்.

மூடி, பாட்டில், பாத்ரூம்

குழாயின் வெளி முனைதான் கிருமியின் இன்னொரு வாசல். மருந்து போடும் முன் அந்த மூடியைச் சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து விநாடி அழுத்தித் தேய்த்து, உலர விட்டுப் பிறகுதான் சிரிஞ்சை வைக்க வேண்டும். கூட்டமான வார்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் 'பஞ்சு வேணுமா சிஸ்டர்?' என்று சிரித்துக்கொண்டே எடுத்து நீட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்களுக்குத்தான் இதில் கண்டிப்பு அதிகம். பாத்ரூம் போக வேண்டும் என்று டியூபை நீங்களே கழற்றி, நுனியை ஸ்டாண்டில் தொங்கவிட்டுப் போய் வந்து மறுபடி மாட்டாதீர்கள். பாட்டிலையும் ஸ்டாண்டையும் தள்ளிக்கொண்டே போகலாம். பாட்டில் முடிந்து ரத்தம் டியூபில் பின்னால் ஏறினால் டியூபில் இருக்கிற சின்னச் சக்கரத்தை உருட்டி மூடிவிட்டுக் கூப்பிடுங்கள், டியூபை நசுக்கி ரத்தத்தை உள்ளே தள்ளாதீர்கள். மருந்து போகாமல் அடைத்துக்கொண்ட குழாயைச் சிரிஞ்சால் பலமாகத் தள்ளித் திறப்பதை எந்த நர்ஸ் செய்தாலும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அடைத்திருப்பது ரத்தக்கட்டி, தள்ளினால் அது போகிற இடம் நுரையீரல்.

குழாய் போட்ட இடத்தில் விபூதி, எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். விபூதியை நெற்றியோடு நிறுத்திக்கொள்ளலாம், சாமி ஒன்றும் சொல்லாது.

வீட்டுக்குக் குழாயோடு போகிறவர்கள்

டைபாய்டுக்கு ஏழு நாள் ஊசி என்பார்கள். தினம் குத்த வேண்டாமே என்று கையில் குழாயை வைத்தே வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் நம் ஊர்களில் நிறைய இருக்கிறது. அதோடு பஸ்ஸில் போவார்கள், கடையில் உட்காருவார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. வேறு வழியில்லை என்றால் சில நிபந்தனைகள்: குளிக்கும்போது பிளாஸ்டிக் பை கட்டி அந்தக் கையைத் தண்ணீருக்கு வெளியே வைக்க வேண்டும். பிளாஸ்டர் நனைந்தாலோ பிரிந்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். வலியோ வீக்கமோ வந்தால் மறுநாள் ஊசி நேரம் வரை காத்திருக்கக் கூடாது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்துவிடலாம். கடைசி ஊசி முடிந்த அதே நிமிடம், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே குழாயை எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் உலர்ந்த பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள்.

எடுத்த பிறகும் கதை முடியவில்லை

ஒரு மளிகைக்கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய், காலில் புண், அதற்காக வேறொரு மருத்துவமனையில் படுத்திருந்தவர். கையிலிருந்த குழாயை எடுத்து இரண்டு நாள் கழித்துக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல். எல்லோரும் காலைப் பார்த்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்தார்கள், ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள், காய்ச்சல் நிற்கவில்லை. எங்களிடம் அனுப்பி வைத்தபோது, உடம்பு துடைத்துவிட்ட அவர் மனைவிதான், 'இந்தக் கையைத் தொட்டா மட்டும் கத்துறாரும்மா' என்றார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ரத்தக்குழாய் விறைத்துக் கிடந்தது. பழைய ஊசித் தழும்பின் ஓரத்தில் ஒரு சொட்டுச் சீழ். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. அந்த ரத்தக்குழாயைச் சீழோடு வெட்டி எடுத்த பிறகுதான் காய்ச்சல் இறங்கியது.

அதனால், குழாய் எடுத்த பிறகு இரண்டு நாளாவது அந்த இடத்தைப் பாருங்கள். லேசான வலியும் தடிப்பும் மட்டும் என்றால் கையை உயர்த்தி வைத்து, வெதுவெதுப்பான துணி ஒற்றடம் கொடுக்கலாம். டாக்டர் எழுதினால் ஹெப்பாரின் களிம்பைத் தடவலாம், தேய்த்து நீவிவிடக் கூடாது. சுண்ணாம்புப் பற்று வேண்டாம். காய்ச்சல், நடுக்கம், சீழ் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே டாக்டர். எந்தக் காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் போனாலும், 'சமீபத்துல இந்தக் கையில குழாய் போட்டிருந்தாங்க' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கழுத்து, நெஞ்சு, தொடைக் குழாய்கள்

ஐ.சி.யு.வில் போடும் சென்ட்ரல் லைன், டயாலிசிஸ் குழாய், கீமோவுக்கான பிக் லைன் எல்லாம் பெரிய ரத்தக்குழாயில் இருப்பவை. இங்கே கட்டி உறைந்தால் வெளியே கயிறாகத் தட்டுப்படாது. கை முழுவதும் அல்லது முகமும் கழுத்தும் ஒரு பக்கம் வீங்கலாம், நெஞ்சுத் தோலில் புதிதாக நீல ரத்தக்குழாய்கள் தெரியலாம். ஒன்றுமே தெரியாமல் காய்ச்சல் மட்டும் வருவதும் உண்டு. டயாலிசிஸ் தொடங்கியதும், அல்லது லைனில் மருந்து ஏற்றியதும் உடம்பு தூக்கிப் போடுகிற நடுக்கம் வந்தால் லைன்மேல்தான் முதல் சந்தேகம். 'ஏசி குளிர்' என்று போர்வையைப் போர்த்திவிட்டு இருந்துவிடாதீர்கள்.

இந்த லைன் போடும்போது கை கழுவுதல், முழு மறைப்புத் துணி, தோலைக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, முடிந்தவரை தொடையைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் எடுப்பது என்ற ஐந்தையும் விடாமல் செய்தார்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் லைன் வழி ரத்தத் தொற்று 18 மாதங்களில் 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006-இல் வெளியிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது, ஒரு படி தவறினால் டாக்டரை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்ததுதான். நம் ஊரில் புரொஃபசரைப் பார்த்து 'நிறுத்துங்க சார்' என்று சொல்ல ஒரு நர்ஸுக்கு இன்னும் நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது.

டயாலிசிஸ் குழாயில் வேறு மருந்தோ குளுக்கோஸோ ஏற்ற விடாதீர்கள். லைனை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி என்றால் ஏழு நாளுக்கு ஒருமுறை, காஸ் என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை, நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்ற வேண்டும். இந்த லைன்களை நீங்களாக ஒருபோதும் பிடுங்காதீர்கள். காற்று உள்ளே போனால் உயிர் போகும்.

சந்தேகம் வந்துவிட்டால்

முதல் வேலை பிளட் கல்ச்சர், அதுவும் புது ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு. லைனிலிருந்து ஒன்று, கையில் குத்தி ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுப்பார்கள், 'இவ்வளவு ரத்தமா' என்று சண்டை போடாதீர்கள், குறைத்து எடுத்தால் கிருமி அகப்படாது. லைன் ரத்தத்தில் கையின் ரத்தத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிருமி வளர்ந்தால் குற்றவாளி லைன்தான்.

லைனை எடுத்து, பொருத்தமான மருந்து மூன்று நாள் கொடுத்தும் கல்ச்சரில் கிருமி வந்துகொண்டே இருந்தால், அது எங்கோ கட்டிக்குள் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். 'ஊசியை இன்னும் பெரிசா மாத்துங்க' என்று கேட்பதைவிட 'டாப்ளர் பார்த்தாச்சா சார்?' என்று கேட்பது பலன் தரும். டாப்ளர் என்பது ரத்தக்குழாயில் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன். கழுத்தெலும்புக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்கள் டாப்ளரில் சரியாகத் தெரியாது, அதற்கு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. வேண்டியிருக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் இதய வால்வில் ஒட்டியிருக்கிறதா என்று எக்கோ பார்ப்பார்கள். கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்தால் கண் டாக்டர் வந்து கண்ணுக்குள் பார்ப்பார், ஏன் என்று குழம்ப வேண்டாம், அது கண் வரை பரவக்கூடியது. இருமல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம் என்று ஆரம்பித்தால் கட்டியின் துணுக்குகள் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். எக்ஸ்ரேயில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்து டிபி என்று நினைக்கவும் இடம் உண்டு, அங்கேயும் லைன் கதையைச் சொல்லுங்கள்.

வைத்தியம் நீளும். குறைந்தது மூன்று நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம், பெரும்பாலும் ரத்தக்குழாய் வழியே ஆன்டிபயாடிக். கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்த முதல் நாளிலிருந்துதான் கணக்கு. காய்ச்சல் விட்டதும் 'வீட்டுக்குப் போகலாம், செலவாகுது' என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். செலவு உண்மைதான், ஆனால் பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எல்லோருக்கும் கொடுப்பதில்லை, கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, ரத்தக்கசிவு ஆபத்து என்ன என்று பார்த்து டாக்டர் முடிவு செய்வார். வெட்டி எடுப்பது தோலுக்கடியில் சீழ் பிடித்த ரத்தக்குழாய்க்கும், மருந்துக்கு அடங்காத நிலைக்கும்தான்.

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது நான்கு விஷயங்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: எந்தக் கிருமி, எந்த மருந்து, எந்தத் தேதி வரை, அடுத்த டாப்ளரும் கல்ச்சரும் எப்போது. மீதி ஊசியை ஊரில் போட்டுக்கொள்வதானால் அங்கே போடப்போகிற சிஸ்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள், கட்டி இருந்த கையில் புதுக் குழாய் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.